பார்க்காமல் விடுவதும் கொண்டுபோகாமல் விடுவதும்

நாமக்கல் பாடி பட்டறைகளுக்குத் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸ்தான் வந்து சேரும். ஒரே மாடலில் பத்துச் சேஸிஸ் வந்தாலும் மேலே ஏறுகிற பாடி பத்தும் ஒன்றுபோல் இருக்காது. என்ன சரக்கு ஏற்றப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து உயரமும் பலகையும் கதவும் மாறும். பாடியைச் சேஸிஸோடு இறுக்கிப் பிடித்திருப்பது யூ போல்ட். சேஸிஸும் பாடியும் தூரத்திலேயே தெரியும். யூ போல்ட்டைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். சேலம், சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி புக்கிங் அலுவலகம், கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, போர்வெல் ரிக் வண்டி என்று இங்குள்ள தொழில்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர்களின் வேலையும் இதே அமைப்பில்தான் நடக்கிறது. மென்பொருள் ஒன்று, வாடிக்கையாளர் நாற்பது பேர் என்றால் தரவுத்தளமும் நாற்பது. ஒவ்வொன்றிலும் அந்தந்த அலுவலகத்தின் வழக்கத்துக்காகச் சேர்த்ததும் மாற்றியதும் இருக்கும். புதிய பதிப்பை வைக்கப் போகும்போது, தங்களிடமுள்ள மூலத் தரவுத்தளத்தையும் வாடிக்கையாளரிடமுள்ள தரவுத்தளத்தையும் ஒரு கருவியில் அருகருகே வைத்து, டேபிள், ஃபீல்டு, வியூ, புரொசீஜர் என்று எது எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்பார்கள். ஸ்கீமா ஒப்பீடு என்பது இதுதான். அந்தக் கருவியின் அமைப்புத் திரையில் சிலவற்றின் டிக்கை எடுத்துவிட்டு, “இவற்றை ஒப்பிட வேண்டாம்” என்று சொல்ல முடியும். பெரும்பாலும் முதலில் டிக் போவது டிரிகர்களுக்கு. அடுத்தது, ஒரு பொருளோடு சேர்ந்து வருகிற சார்புகளுக்கு. இந்த வழக்கத்தின் நியாயத்தையும் அதிலுள்ள ஆபத்தையும் எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. டிரிகர் என்பது ஒரு டேபிளில் வரி சேரும்போதோ திருத்தப்படும்போதோ அழிக்கப்படும்போதோ தரவுத்தளமே தானாக ஓட்டுகிற சிறு நிரல். எல்லா டிரிகரையும் மனிதர் எழுதியிருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் மெர்ஜ் ரெப்ளிகேஷன் (பல இடத்துத் தரவுத்தளங்களை ஒத்திசைக்கும் வசதி) போட்டிருக்கும் டேபிள் ஒவ்வொன்றிலும் ‘எம்எஸ்மெர்ஜ்’ என்று தொடங்கும் மூன்று டிரிகர்களைச் சர்வரே உருவாக்கிக்கொள்கிறது; பெயரின் பின்பகுதி நீண்ட எண்ணெழுத்துச் சரம், இடத்துக்கு இடம் அது மாறும். டேபிளில் அதற்கேற்ற அடையாள ஃபீல்டு இல்லையென்றால் ‘ரோகைடு’ என்ற ஒன்றையும் தானே சேர்த்துவிடும். தலைமை அலுவலகம் சேலத்திலும் கிளைகள் வெளியூர்களிலும் உள்ள ஒரு போக்குவரத்து நிறுவனம், கிளைகளில் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை வைத்து இணைத்திருந்தால் (எக்ஸ்பிரஸ் பதிப்பு ரெப்ளிகேஷனில் பெறுகிற முனையாக மட்டுமே இருக்க முடியும்) அறுபது டேபிளுக்கு நூற்று எண்பது டிரிகர்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் வந்து நிற்கும். அவற்றில் ஒன்றைக்கூட மூலத்திலிருந்து கொண்டுபோகவும் கூடாது, அங்கிருந்து நீக்கவும் கூடாது. நீக்கினால் கிளைக்கும் தலைமைக்கும் இடையே தரவு போவது குலைந்துவிடும். ரெட்கேட் நிறுவனத்தின் எஸ்கியூஎல் கம்பேர் கருவியில் ரெப்ளிகேஷன் டிரிகர்களைப் புறக்கணிக்கத் தனியே ஒரு தெரிவு இருப்பது இதனால்தான். இன்னொரு வகையும் உண்டு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவிக்கிற நாமக்கல் மண்டல முட்டை விலையை விலைப் பட்டியலில் பதிந்ததும் வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தியை வரிசையில் சேர்க்கும் டிரிகர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனைத் தரவுத்தளத்தில் அது ஓடினால் பொய் விலை உண்மையான வியாபாரியின் கைப்பேசிக்குப் போய்விடும். அங்கே அது இல்லாமல் இருப்பதே சரி. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அதை ஒரு குறையாகக் காட்டுவதில் பயனில்லை.

வேறுபாடுகளின் பட்டியல் நீண்டால் படிக்கிறவருடைய கவனம் குறையும் என்பதும் உண்மை. இருநூறு வரியில் நூற்று எண்பது வரி எப்போதும் வருவது, பொருட்படுத்தத் தேவையில்லாதது என்று பழகிவிட்டால், மீதி இருபதையும் கண் அதே வேகத்தில் கடந்துபோகும். விலக்குவதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் இந்தச் சோர்வைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒப்பீடு மனிதர் படிப்பதற்காகத்தான் இருக்கிறது. படிக்க முடியாத பட்டியலால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

ஆனால் இந்த நியாயங்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. “இதை அங்கே கொண்டுபோக வேண்டுமா” என்பது ஒரு கேள்வி. “இது அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருக்கிறதா” என்பது வேறொரு கேள்வி. ரெப்ளிகேஷன் டிரிகரைக் கொண்டுபோக வேண்டாம் என்பது முதல் கேள்விக்கான பதில். அந்தப் பதிலைக் கருவியிடம் சொல்லும் வழியாக நாம் பயன்படுத்துவதோ ஒப்பீட்டுத் தெரிவில் உள்ள டிக்கை. டிக்கை எடுத்ததும் இரண்டாம் கேள்வியும் கேட்கப்படாமலே போகிறது. கொண்டுபோக வேண்டாம் என்று முடிவெடுத்தவர், தெரியாமலே, பார்க்க வேண்டாம் என்றும் முடிவெடுத்துவிடுகிறார். இந்த வழக்கத்தின் எல்லாப் பிசகுகளும் இந்த ஒரு கலப்பிலிருந்து கிளைப்பவை என்பதே என் வாதம். கொண்டுபோகாமல் விடும் உரிமை தாராளமாக இருக்கலாம். பார்க்காமல் விடும் உரிமை மிகக் குறுகியதாகவும், பெயர் சொல்லிக் காரணம் எழுதிக் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

டிரிகரைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் டிரிப் டேபிளை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு டிரிப்புக்கு வாடகை 48,000 ரூபாய். கிளம்பும்போது ரொக்கமாக அட்வான்ஸ் 20,000. அட்வான்ஸ் பதிந்ததும் வாடகையிலிருந்து கழித்துப் பாக்கியை லாரி உரிமையாளரின் கணக்கில் எழுதுகிறது ஒரு டிரிகர். புதிய பதிப்பில், பங்க்கில் கார்டு மூலம் போடும் டீசலுக்கென்று தனி ஃபீல்டு வருகிறது. மூலத் தரவுத்தளத்தில் டிரிகரையும் அதற்கேற்பத் திருத்தியிருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் கொண்டுபோகும்போது டேபிள் மாறுகிறது, திரை மாறுகிறது, டிரிகர் வகை முழுவதும் ஒப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டிருப்பதால் பழைய டிரிகர் அங்கேயே நிற்கிறது. இப்போது ஒருவர் டீசல் 15,000 என்று புதிய ஃபீல்டில் பதிகிறார். பாக்கி 13,000 என்று வர வேண்டும். பழைய டிரிகருக்கு டீசல் என்ற ஃபீல்டே தெரியாது. அது 28,000 என்று எழுதுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, திரை சிவக்காது, மென்பொருள் நிற்காது. சரக்கு இறக்கி ஒப்புகைச் சீட்டு வந்த பிறகு, செட்டில்மென்ட் நாளில் கொடுக்கிறவரோ வாங்குகிறவரோ தன் நோட்டோடு சரிபார்த்தால்தான் தெரியும். அதற்குள் அதே தவறு எத்தனை டிரிப்பில் ஏறியிருக்கும் என்பது அந்த அலுவலகத்தின் வேகத்தைப் பொறுத்தது. டேபிளில் ஒரு ஃபீல்டு விட்டுப்போயிருந்தால் முதல் பதிவிலேயே மென்பொருள் கத்தியிருக்கும். டிரிகர் விட்டுப்போனால் சத்தமே இருக்காது. எது சத்தமில்லாமல் கெடுமோ அதைத்தான் ஒப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டும். நடைமுறையில் முதலில் விலக்கப்படுவதும் அதுவாகவே இருக்கிறது.

விலக்குதல் என்பது தொடாமல் விடுவது என்று பலர் நம்புகிறார்கள். கருவிகள் எப்போதும் அப்படி நடந்துகொள்வதில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல்பேக்கேஜ் கருவியில், மூலத்தில் இல்லாத பொருள்களை இலக்கில் நீக்கலாமா என்ற பொதுத் தெரிவு இயல்பாக ‘வேண்டாம்’ என்று இருக்கிறது. இதைப் படித்தவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் மூலத்தில் இல்லாத டிரிகர்களை நீக்குவதற்கென்று தனியே ஒரு தெரிவு உண்டு. அதன் இயல்பு நிலை ‘ஆம்’. இண்டெக்ஸுக்கும் கன்ஸ்டிரெயின்ட்டுக்கும்கூட அப்படியே. ஆகவே வாடிக்கையாளர் ஒருவருக்காக அவர் இடத்திலேயே எழுதி வைத்த டிரிகர், மூலக் கோப்பில் இல்லாத ஒரே காரணத்துக்காக அடுத்த பதிப்பு ஏறும்போது அழிந்துபோகக்கூடும். மூலத்தை உருவாக்கும்போது விலக்குவதும் இலக்கில் ஏற்றும்போது விலக்குவதும் ஒன்றல்ல. முதலாவது, அந்தப் பொருள் இல்லவே இல்லை என்று கருவிக்குச் சொல்வதற்குச் சமம். டேபிளை மறுகட்டும் சந்தர்ப்பமும் இப்படித்தான். ஃபீல்டின் வரிசையை மாற்றினாலோ நடுவில் ஒன்றைச் சொருகினாலோ, கருவி தற்காலிக டேபிள் ஒன்றை உருவாக்கித் தரவை அதற்கு மாற்றி, பழைய டேபிளை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். எஸ்கியூஎல் சர்வரில் டேபிள் நீங்கினால் அதன் டிரிகர்களும் கூடவே போய்விடும். பார்க்காதே என்று சொல்லி வைத்த டிரிகரைக் கருவி மறுபடி எழுதித் தருகிறதா என்பதை, ஓட்டுவதற்கு முன் கருவி உருவாக்கும் மாற்ற ஸ்கிரிப்டைத் திறந்து வரிவரியாகப் படித்தால்தான் அறியலாம். இன்னும் நுட்பமானது டிரிகரின் நிலை. எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லாமல், ஒரு பக்கம் இயக்கத்திலும் மறுபக்கம் முடக்கத்திலும் இருக்கலாம். டிரிகர் நிலையைப் புறக்கணிக்கும் தெரிவும் அதே கருவியில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், மொத்தமாகத் தரவு ஏற்றுவதற்காக ஒரு இரவு முடக்கி வைத்து மறந்துபோன டிரிகர் மறுநாள் ஒப்பீட்டில் ‘இரண்டும் ஒன்றே’ என்ற பட்டியலில்தான் வரும்.

சார்புகளின் கதை வேறு மாதிரி. டிரிகரை விலக்குகிறவர் ஒரு பொருளை விலக்குகிறார். சார்பை விலக்குகிறவர் இரண்டு பொருள்களுக்கு இடையிலான பிடிப்பை, அதாவது யூ போல்ட்டை, விலக்குகிறார். சார்புக்குத் திசையும் உண்டு: இந்த வியூ எந்த டேபிளை நம்பியிருக்கிறது என்பது கீழ்நோக்கியது, இந்த டேபிளை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்பது மேல்நோக்கியது. கீழ்நோக்கிய சார்பை விட்டுவிட்டுக் கொண்டுபோனால் பொதுவாக உடனே தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் டிரிகரும் அது அழைக்கும் ஃபங்ஷனும் தனித்தனிப் பொருள்கள். ஃபங்ஷன் இல்லாத இடத்தில் டிரிகரை உருவாக்கவே முடியாது, ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். மேல்நோக்கிய சார்பிலும், ஒரு வியூ சார்ந்திருக்கும் டேபிளை நீக்கப்போனால் போஸ்ட்கிரெஸ் மறுக்கும், வலியுறுத்திச் சொன்னால்தான் கேட்கும். ஆரக்கிள் தரவுத்தளம், நீக்கிய டேபிளைச் சார்ந்திருக்கும் பொருளைச் செல்லாதது என்று குறித்துவைத்து, அடுத்த முறை அழைக்கும்போது மறுபடி தொகுத்துப் பார்க்கும். எஸ்கியூஎல் சர்வர் அத்தனை கண்டிப்பானது இல்லை. இல்லாத டேபிளின் பெயரை எழுதியிருந்தாலும் புரொசீஜரை ஏற்றுக்கொண்டுவிடும், ஓடும்போதுதான் பெயரைத் தேடும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கை ஒன்று அப்படிப் போய் உட்கார்ந்திருந்தால் மாதக் கடைசியில்தான் விழும். போஸ்ட்கிரெஸுக்கும் ஒரு குருட்டிடம் உண்டு: வழக்கமான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷனின் உடலுக்குள் எந்த டேபிளின் பெயர் வருகிறது என்பதை அது சார்பாகப் பதிவதில்லை. 2021இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து, எஸ்கியூஎல் மொழியில் எழுதும் ஒருவகை ஃபங்ஷனுக்கு மட்டும் அந்தப் பதிவு கிடைக்கிறது. கருவி காட்டும் சார்புப் பட்டியல் தரவுத்தளத்துக்குத் தெரிந்த சார்புகளின் பட்டியல் மட்டுமே. ஏற்கெனவே பாதி மறைந்திருக்கிற ஒன்றில் மீதியையும் நாமே மறைத்துக்கொள்வதற்கு நல்ல காரணம் வேண்டும்.

சார்பை விலக்குவதற்கும் நியாயமான இடம் இருக்கிறது. ஒரு வியூவில் சின்னத் திருத்தம் செய்துவிட்டு அதை மட்டும் அனுப்ப நினைக்கும்போது, சார்புகளையும் சேர் என்ற தெரிவு, இன்னும் சோதித்து முடிக்காத மூன்று டேபிள் மாற்றங்களையும் இழுத்துக்கொண்டு வரும். அவசரத் திருத்தத்துக்கு அது வேண்டாதது. அங்கே டிக்கை எடுப்பது சரியே. விஷுவல் ஸ்டுடியோவின் ஒப்பீட்டில், சேர்த்திருக்கும் பொருள் ஒன்று நம்பியிருக்கிற இன்னொன்றைத் தனியே விலக்கக் கேட்டால் அது மறுத்துவிடும். பலருக்கு இது எரிச்சல் தருகிறது. எனக்கு இது நல்ல வடிவமைப்பாகவே படுகிறது, ஏனென்றால் அந்த மறுப்பில் ஒரு தகவல் இருக்கிறது: இந்தத் திருத்தம் நாம் நினைத்த அளவுக்குச் சின்னது இல்லை.

இந்திய நிலைமையில் டிரிகருக்கு இன்னொரு கனம் கூடியிருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2021 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. கம்பெனியின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறிக்க வேண்டும், அதை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆடிட்டர் இதைப் பற்றித் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கான பல கம்பெனிகளின் தணிக்கை அறிக்கைகளில், தரவுத்தள மட்டத்தில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு இந்தப் பதிவு இயக்கத்தில் இல்லை என்ற குறிப்பு இடம்பெற்றது. பிரச்சினையின் மையம் அங்கேதான். மென்பொருளின் திரை வழியாக வருகிற திருத்தத்தை மென்பொருளே குறித்துவிடும். எஸ்கியூஎல் சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்து நேராக ஒரு தொகையை மாற்றுகிறவரைத் திரை பார்ப்பதில்லை. சிறிய மென்பொருள்களில் அதைப் பார்க்கிற ஒரே கண் பெரும்பாலும் டிரிகர்தான். அந்த டிரிகர் நாற்பது தரவுத்தளங்களிலும் இருக்கிறதா, இயக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கக்கூடிய எளிய கருவி ஸ்கீமா ஒப்பீடு. அதில் டிரிகர் வகையையே விலக்கிவிட்டால், முடக்கக் கூடாது என்று விதி சொல்லும் ஒன்று முடங்கியிருக்கிறதா என்று யாரும் பார்க்காத நிலையை நாமே உண்டாக்கியவர்களாவோம். இந்த வட்டாரத்து லாரி அலுவலகங்களிலும் பண்ணைகளிலும் தனிநபர் நிறுவனமாகவும் கூட்டாண்மையாகவும் நடப்பவை நிறைய; அவற்றை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் மென்பொருள் எழுதுகிறவர் இரு வகையாருக்கும் ஒரே மூலத்திலிருந்துதான் தருகிறார். பிரைவேட் லிமிடெட் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தாலும் போதும், ஒப்பீட்டின் ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது, டிரிகரே கூடாது என்பது. வணிக விதிகள் மென்பொருள் நிரலில் இருக்கட்டும், தரவுத்தளத்தில் ஒளிந்திருக்க வேண்டாம். டிரிகர் இல்லையென்றால் விலக்குவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது என்பார்கள். பாக்கி வாடகைக் கணக்குப் போன்ற விதிகளைப் பொறுத்தவரை இதை நான் ஏற்கிறேன். புதிதாக எழுதும்போது அப்படி எழுதுவதே நல்லது. பழைய திருத்தங்களின் வரலாற்றுக்கும் எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் டெம்பொரல் டேபிள் என்ற வசதி இருக்கிறது. டிரிகர் இல்லாமலே பழைய மதிப்பும் நேரமும் சேமிக்கப்படும். ஆனால் யார் மாற்றினார் என்பதை அது தானாகக் குறிப்பதில்லை. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளங்களில் ஏற்கெனவே இருக்கிற டிரிகர்கள் இந்த அறிவுரையால் மறையப்போவதும் இல்லை. ஒழிக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கே அவற்றின் முழுப் பட்டியல் முதலில் தேவைப்படும்.

ஃப்ளைவே, லிக்விபேஸ் போன்ற கருவிகளில் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட ஸ்கிரிப்டாக எழுதி வரிசையாக ஓட்டினால் ஒப்பீடே வேண்டாம் என்பது இன்னொரு மறுப்பு. எந்த ஸ்கிரிப்ட் எப்போது ஓடியது என்பதை அவை ஒரு டேபிளில் நேர்மையாக எழுதி வைக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் இடத்தில் அவசரத்துக்கு ஒருவர் கையால் செய்த திருத்தம் அந்த வரலாற்றில் ஏறாது. ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்பதும் இப்போது என்ன இருக்கிறது என்பதும் வேறு வேறு தகவல்கள்; இரண்டாவதற்கு ஒப்பீட்டை விட்டால் வழி கிடையாது. சோதனைகள் பிடித்துவிடும் என்பாரும் உண்டு. சோதனை ஓடுவது நம் இடத்தில், சரியான டிரிகர் உள்ள தரவுத்தளத்தில். தவறான டிரிகர் இருப்பது திருச்செங்கோட்டிலோ சங்ககிரியிலோ உள்ள கணினியில்.

நேரமில்லை என்ற மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து நாற்பது அலுவலகங்களைக் கவனிக்கும் இடத்தில் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் எல்லா டிரிகரையும் படி என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் கேட்பது அதுவல்ல. வகையாக விலக்குவதற்குப் பதில் பெயராக விலக்கலாம்: ‘எம்எஸ்மெர்ஜ்’ என்று தொடங்குபவை எல்லாம் ஒரு விதி, சோதனைத் தளத்துக் குறுஞ்செய்தி டிரிகர் இன்னொரு விதி, இன்ன வாடிக்கையாளருக்கென எழுதியவை மூன்றாவது. இந்த விதிகளைத் தனிக் கோப்பாக எழுதிச் சேமிக்கலாம். அந்தக் கோப்பை மூல நிரலோடு சேர்த்து வைத்தால், யார் எப்போது எதை ஏன் விலக்கினார் என்பதும் நிரலைப் போலவே பதிவாகிவிடும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு வரிக் காரணம் போதும். காரணம் எழுத வராத விலக்கு நீங்க வேண்டிய விலக்கு. வாடிக்கையாளருக்கென எழுதிய டிரிகர்கள் மூலத்திலேயே தனிக் கோப்புறையில் இருந்துவிட்டால் அவற்றை விலக்கும் தேவையும் குறையும். அவையும் ஒப்பிடத்தக்கவை ஆகிவிடும். இதற்கு ஆகும் நேரம் முதல் முறை ஒரு நாளோ இரண்டு நாளோ. அதன் பிறகு பட்டியல் சுருங்கியே வரும், ஆனால் அதில் இல்லாதது எதுவென்று கேட்டால் பதில் இருக்கும்.

கருவி செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பல கருவிகளில் இன்று ஒரு பொருளுக்கு இரண்டே நிலை: பட்டியலில் உண்டு, இல்லை. ஒப்பிட்டுக் காட்டு, ஆனால் ஸ்கிரிப்டில் சேர்க்காதே என்ற நடு நிலையைப் பெரும்பாலும் கையால் டிக் எடுத்துத்தான் பெற முடிகிறது. அதை நிலையான விதியாகச் சேமிக்க முடிந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன பிசகுகளில் பெரும்பகுதி நேராமலே போகும். அதுவரை, விலக்கிய பொருள்களின் எண்ணிக்கையையாவது அறிக்கையின் முதல் வரியில் காட்டலாம். சென்ற முறை 180, இந்த முறை 183 என்றால் அந்த மூன்று என்ன என்று பார்க்க யாருக்கும் தோன்றும்.

எல்லா விலக்கையும் நீக்கிவிட்டு முழு ஒப்பீடு செய்தே தீர வேண்டிய ஒரு நாள் இந்த ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. பல கணக்கு மென்பொருள்களில் நிதியாண்டுக்கு ஒரு தரவுத்தளம். மார்ச் 31 முடிந்ததும் பழைய ஆண்டின் அமைப்பை எடுத்துப் புதிய ஆண்டுக்குத் தரவுத்தளம் திறந்து, பாக்கிகளை மட்டும் கொண்டுவருவார்கள். அந்த நகல் எந்த விலக்குகளோடு எடுக்கப்பட்டதோ அந்தக் குறைகளோடுதான் புதிய ஆண்டு பிறக்கும். ஆடிட் டிரிகர் அங்கே இல்லையென்றால் அந்த ஆண்டு முழுவதற்கும் இல்லை. பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த டிக்கையும் எடுக்காமல், டிரிகரின் எழுத்தும் நிலையும் சேர்த்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தரவுத்தளத்துக்குச் சில நிமிடங்கள் போதும். ஏப்ரல் 1 காலையில் முதல் லாரி ரசீது (எல்.ஆர்.) போடுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.